மாயேபூர் கடலில் ஒரு செயற்கைக்கோளுக்காக

ஞாயிறு, மாயேபூர்

இந்த வாரம் மொரீசியஸ் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கப்போகிறேன். வந்த வேலை இதுதான்: சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜெர்மனியின் என்மேப் செயற்கைக்கோள் இந்தக் கடலைப் படம் எடுக்கிற அதே நேரத்தில், நாங்கள் படகில் நின்று அதே நீரை அளக்க வேண்டும். இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் காற்று, மேகம், அலை, வெயிலின் கோணம் எல்லாம் ஒன்றாக ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

தங்கியிருப்பது பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழ் ஆசிரியையின் வீட்டு மாடியில். ஊரே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர். பேசுவதும் அப்படியே அச்சுத் தமிழ்: "வாருங்கள், அமருங்கள், களைத்துப் போயிருப்பீர்கள்." அவர் கணவர் என்னிடம் வணக்கம் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுகிறார். எங்கள் குழுவில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி டீச்சரம்மாவிடம் பள்ளியில் படித்தவள், ரெதுயியில் உள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் இப்போது முனைவர் பட்டம் செய்கிறாள். அவள் கொஞ்சம் தமிழ், கொஞ்சம் பிரெஞ்சு, மீதி கிரியோல். மூன்றும் கலந்து எங்களுக்குள் நன்றாகவே ஓடுகிறது.

இது ஆடி மாதம், இங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று இரவெல்லாம் ஜன்னலைத் தட்டுகிறது.

திங்கள், மாயேபூர்

இன்று கருவிகளைப் பிரித்துச் சோதித்தோம். வராந்தாவில் பரப்பி வைத்ததைப் பார்த்த டீச்சரம்மா, "அவ்வளவு பெரிய கருவியை வானில் வைத்திருக்கிறார்கள். அதைச் சரிபார்க்க உங்கள் சிறு குழாய்கள் எதற்கு?" என்று கேட்டார். இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வியே அதுதான்.

கடலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் பார்க்கிற ஒளியில், நீருக்குள் போய்த் திரும்பி வந்தது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் நடுவில் இருக்கும் காற்று சிதறடித்த ஒளியும் நீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்த ஒளியும். நீல நிறத்தில் காற்று சிதறடிக்கும் ஒளி இன்னும் அதிகம். நமக்கு வேண்டியதோ அந்தப் பத்தில் ஒரு பங்குதான். பாசியும், வண்டலும், பவளமும் அதற்குள்தான் இருக்கின்றன. மேலே இருக்கும் உணரி மொத்த ஒளியை 1 சதவீதம் தப்பாகக் காட்டினால், நீரின் கணக்கில் அது 10 சதவீதத் தப்பாகிவிடும். நிலத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த 1 சதவீதம் பெரிதாகத் தெரியாது. கடல்காரர்களுக்கு அதுவே தலைவலி.

சரி, ஏவுவதற்கு முன்னால் ஆய்வகத்தில் அளந்துதானே அனுப்புகிறார்கள்? அனுப்புகிறார்கள். ஆனால் ராக்கெட்டின் அதிர்வு, விண்வெளியின் வெப்பமும் குளிரும், கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்து கருவியை மெல்ல மாற்றிவிடும். அதனால்தான் என்மேப்பில் சூரிய ஒளியைப் பரப்பிக் காட்டும் வெள்ளைத் தகடு, உள் விளக்குகள், முழு இருட்டைப் பார்க்க மூடி என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தகடும் வெயிலில் இருந்து இருந்து நாளடைவில் மங்கும். 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள் இதற்காக மாதந்தோறும் நிலவைத் திரும்பிப் பார்க்கிறது. நிலவில் காற்று இல்லை, மழை இல்லை, அதன் முகம் மாறுவதில்லை. கருவியில் ஏற்படும் மாற்றம் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் செய்த பிறகும் கடலுக்கு அந்தத் துல்லியம் போதாது. கடைசியில் கடலிடமே வந்துதான் ஆக வேண்டும். ஹவாயில் லானாய் தீவுக்குப் பக்கத்தில் மோபி என்ற மிதவை 1997 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஆழமான, தெளிந்த, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் நீர். அங்கே அளந்த ஒளியை வைத்து, காற்றையும் கூட்டி, உணரி இவ்வளவு காட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். அது காட்டியதற்கும் காட்டியிருக்க வேண்டியதற்கும் உள்ள விகிதம்தான் திருத்த எண். உலகத்தின் கடல் நிறப் படங்கள் பலவற்றுக்கு அந்த மிதவைதான் உரைகல்.

பேஸ் போல ஓரிரு நாளுக்குள் உலகம் முழுவதையும் பார்த்துவிடுகிற செயற்கைக்கோளுக்கு ஒரே மிதவையோடு நிறைய நல்ல நாட்கள் கிடைக்கும். என்மேப், இத்தாலியின் பிரிஸ்மா போன்றவை அப்படி அல்ல. கேட்ட இடத்தை மட்டும், 30 கிலோமீட்டர் அகலத்தில், கேட்ட நாளில் எடுக்கும். அதனால் கடலில் நின்று எடுக்கிற ஒவ்வொரு நல்ல அளவும் இவற்றுக்குப் பெரிய சொத்து.

டீச்சரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் மேகம் இல்லாத நாள் வேண்டுமே!" என்றார். இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய பாடத்தைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டார்.

செவ்வாய், லா ஷோ ஆற்று முகத்துவாரம்

இன்று ஒத்திகை. படகுக்கார அண்ணன் மாயேபூர்க்காரர், நான்கைந்து தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். சின்ன வயதில் கோயிலில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற தமிழ் அவருக்கு. என்னைத் தங்கச்சி என்றார், அதோடு எல்லாம் எளிதாகிவிட்டது.

படகின் முனையில் ஒரு கம்பம் கட்டி, அதில் மூன்று ஒளிமானிகளைப் பொருத்தினோம். ஒன்று நேரே மேலே பார்த்து, வந்து விழும் ஒளியை அளக்கும். இன்னொன்று நீரைப் பார்க்கும், செங்குத்திலிருந்து 40 பாகை சாய்ந்து. மூன்றாவது அதே சாய்வில் வானத்தைப் பார்க்கும். கடைசி இரண்டும் சூரியனுக்கு முகம் காட்டவும் கூடாது, முதுகு காட்டவும் கூடாது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து 135 பாகை விலகி நிற்க வேண்டும். முகம் காட்டினால் வெயிலின் பளபளப்பு உள்ளே வரும், முழுக்கத் திரும்பினால் படகின் நிழல் வரும். அதனால் அண்ணனின் வேலைதான் இதில் மிகக் கடினம். காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்க, படகை அந்தக் கோணத்திலேயே வைத்திருக்க வேண்டும். இன்ஜினை அதிகமாக முடுக்கினால் நுரை வரும், நுரை வந்தால் அளவு கெட்டுவிடும். அவர் துடுப்பாலேயே பாதி வேலையை முடித்தார்.

நீரைப் பார்க்கும் குழாய்க்குள் நீரின் ஒளி மட்டும் வருவதில்லை, வானத்தின் பிரதிபலிப்பும் சேர்ந்து வருகிறது. காற்று மெதுவாக இருக்கும்போது வான ஒளியில் 2.8 சதவீதத்தைக் கழிப்பது வழக்கம். காற்று பலமானால் அந்த எண் மாறும். இங்கே காற்று எப்போதுமே பலம்தான், அதனால் கையோடு காற்றுமானியும் வைத்து, ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறித்துக்கொண்டோம்.

முகத்துவாரத்தில் நீர் தேநீர் நிறம். முந்தைய நாள் மலைப்பக்கம் பெய்த மழை கரும்புத் தோட்டத்து மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், நீர் பச்சையாகிறது. இன்னும் கொஞ்சம் போனால் அடியில் வெள்ளை மணல், அதற்கு மேலே கண் கூசும் நீலப்பச்சை. அதையும் தாண்டினால் அலை உடைகிற பாறை வரிசை, இங்கே பிரிசான் என்கிறார்கள். அதற்கு வெளியே திடீரென்று மைக்கருநீலம். அரை மணி நேரப் படகுப் பயணத்துக்குள் இத்தனை வகை நீர். இதனால்தான் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினோம்.

திரும்பும்போது மாணவி வடிதாளைக் காட்டினாள். முகத்துவாரத்து நீர் அரை லிட்டர் போவதற்குள் வடிதாள் அடைத்து, பழுப்பாகிவிட்டது. பிரிசானுக்கு வெளியே எடுத்த நீர் லிட்டர் கணக்கில் போன பிறகும் தாள் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் இளம் மஞ்சள் படர்ந்திருக்கிறது. இரண்டையும் அலுமினியத் தாளில் மடித்து நைட்ரஜன் குடுவைக்குள் போட்டாள். பச்சையத்தின் அளவு ஆய்வகத்தில் தெரியும்.

புதன், பிரிசானுக்கு வெளியே

இன்றுதான் என்மேப் வருகிற நாள். அதுவும் தீவுக்குக் கிழக்கே இருக்கிற பாதையில், மேற்கே சாய்ந்து பார்க்கிற நாள். காலையில் சூரியன் வடகிழக்கில் இருக்கும், அதன் பளபளப்பு தென்மேற்குப் பக்கம் தெறிக்கும். கிழக்கிலிருந்து பார்த்தால் அது உணரிக்குள் விழாது. இதைப் பார்த்துத்தான் நாளைக் கேட்டிருந்தோம்.

பதினோரு மணிக்கு மேலே வரும். பத்து மணிக்கே இடத்தில் நின்றோம். பத்தரைக்குக் காற்று சுமந்து வந்த மேகம் தலைக்கு மேலே திரண்டது. பதினொன்றேகாலுக்கு வெயில் ஒரு சொட்டும் இல்லை. கரையில் லயன் மலைக்கு மேலே மேகம் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்துவிட்டது.

அளவு எடுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் தூரத்தில் ஒரு திமிங்கிலம் மேலே வந்து மூச்சு விட்டது. இந்த மாதங்களில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தெற்கிலிருந்து குட்டி போட வரும் என்று அண்ணன் சொன்னார்.

வியாழன், லெ மோர்ன்

அடுத்த வாய்ப்பு ஞாயிறு. உணரியை 30 பாகை வரை சாய்க்க முடியும் என்பதால்தான் நான்கு நாளில் திரும்பப் பார்க்க முடிகிறது. நேர்கீழே மட்டும் பார்ப்பதாக இருந்தால் 27 நாள் காத்திருக்க வேண்டும்.

நடுவில் கிடைத்த நாளில் தென்மேற்கு முனைக்குப் போனோம். லெ மோர்ன் மலையடிக் கடலை மேலிருந்து எடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அடியில் ஒரு பெரிய அருவி விழுவதுபோல் இருக்கும். அங்கே அருவி எதுவும் இல்லை. வெளிர் மணலும் வண்டலும் லகூனின், அதாவது பவளப்பாறை வரிசைக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற கடலின், விளிம்பைத் தாண்டி ஆழத்துக்குள் சரிகின்றன. ஆழமற்ற இடத்தில் மணலின் வெளிச்சம் மேலே வருகிறது, ஆழமான இடத்தில் வருவதில்லை. மேலிருந்து பார்க்கும் கண் அதை விழுகிற நீராக எடுத்துக்கொள்கிறது.

மணலில் உட்கார்ந்து டால்பூரி சாப்பிட்டுக்கொண்டே மாணவி கேட்டாள்: "அக்கா, நம் கண்ணே இப்படி ஏமாந்தால், கணினி என்ன செய்யும்?"

கணினியும் ஏமாறும். சாதாரணக் கணக்கு, ஒளியெல்லாம் நீரிலிருந்தே வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். அடி மணல் பளிச்சென்று இருந்தால், நீரில் ஏதோ நிறைய மிதக்கிறது என்று தப்பாகச் சொல்லிவிடும். இதைப் பிரித்து அறியத்தான் என்மேப் போன்ற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவிகள் வேண்டியிருக்கின்றன. பழைய கருவிகள் ஒளியைப் பத்துப் பதினைந்து பட்டைகளாகப் பிரித்தன, இவை நூற்றுக்கணக்கில் பிரிக்கின்றன. மணல், கடற்புல், பவளம், பாசி ஒவ்வொன்றும் வெவ்வேறு அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். பச்சையம் 675 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம் போடும். பட்டை குறுகலாக இருந்தால்தான் அந்தப் பள்ளம் தெரியும்.

ஆனால் பட்டையைக் குறுக்கக் குறுக்க ஒவ்வொன்றிலும் விழும் ஒளி குறையும், இரைச்சல், அதாவது கருவி தானே சேர்க்கிற பொய் அளவு, கூடும். 2000இல் ஏவிய ஹைப்பீரியன் நிலத்துக்கு நன்றாக உழைத்தது, இருண்ட கடலுக்கு அதன் இரைச்சல் அதிகம். 2009 முதல் 2014 வரை பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ஹைக்கோதான் கடலோரத்துக்கென்றே செய்த முதல் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவி.

இன்னொரு தொல்லை, பட்டை தன் இடத்தில் இருக்கிறதா என்பது. படத்தின் நடுவில் 760 என்று இருக்கிற பட்டை ஓரத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். இந்தத் துறையில் இதற்கு ஸ்மைல் என்று பேர், கோடு வளைந்து தெரிவதால். காற்றிலுள்ள ஆக்சிஜன் 760 நானோமீட்டரை ஒட்டி ஒளியைக் கூர்மையாக விழுங்குகிறது. அந்தக் கூர்மையான பள்ளம் படத்தின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எங்கே விழுகிறது என்று பார்த்தால், உணரி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் படகு வேண்டாம், வானமே போதும். இந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

மாணவிக்கு அடுத்த கேள்வி இருந்தது. லகூனிலேயே நின்று உணரிக்குத் திருத்த எண் கணக்கிட்டால் என்ன? கூடாது. இங்கே அடிமணல் இருக்கிறது, பக்கத்தில் வெள்ளைக் கரையும் நுரையும் இருக்கின்றன. அவற்றின் ஒளி காற்றில் சிதறி அடுத்த நீரின் மேலும் படியும். கருவியின் தப்பு எது, இடத்தின் தொல்லை எது என்று பிரிக்க முடியாமல் போகும். திருத்த எண்ணுக்கு ஆழ்கடல், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லகூன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பல அறிக்கைகளில் நான் பார்க்கிற கோளாறு.

வெள்ளி, மாயேபூர்

ஆடி வெள்ளி. டீச்சரம்மா விடிவதற்குள் குளித்து மஞ்சள் புடவை கட்டித் தயாராகிவிட்டார். மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி மந்திரம் சொல்ல, பெண்கள் எலுமிச்சை விளக்கு ஏற்றினார்கள். பாட்டுப் புத்தகத்தில் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில் இருக்கிறது, இளம்பெண்கள் அதைப் பார்த்து ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுகிறார்கள்.

பூசை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு வகாஷியோ கப்பலுக்குப் போனது. இந்த ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கே போய்ச் சேரும். 2020 ஜூலை 25 அன்று அந்தச் சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6ஆம் தேதி எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறக்குறைய 1,000 டன் லகூனுக்குள் போனது. ஊர் மக்கள் கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் அடைத்து நீளமாகத் தைத்து, கடலில் தடுப்பு போட்டார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள்.

"இந்த மண்டபம் போல் எத்தனையோ இடத்தில் உட்கார்ந்து தைத்தோம்," என்றார் ஒரு பாட்டி. "கையெல்லாம் கறுப்பு. வாசம் போகவே இல்லை."

படகுக்கார அண்ணன் அங்கே பேசியதை அப்படியே எழுதுகிறேன். "கடல் இப்போ நல்லா இருக்குன்னு சொல்றாங்க. யாரு பார்த்துச் சொல்றாங்க தங்கச்சி? மேலேருந்து பார்த்தா? எங்க ஊரிட் இருக்கிற இடத்தை மேலேருந்து பார்த்துச் சொல்ல முடியுமா?" ஊரிட் என்பது ஆக்டோபஸ். ஆகஸ்ட் நடுவிலிருந்து இரண்டு மாதம் அதைப் பிடிக்கத் தடை, மீனவர்கள் மதித்து நடக்கிறார்கள். அவருக்குக் கடலைப் பற்றிய தகவல் வெறும் படமல்ல, பிழைப்பு.

அவருக்கு நான் சொன்ன பதில்தான் இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியம். மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியும், ஆனால் கீழே யாராவது ஒழுங்காக அளந்துகொண்டே இருந்தால் மட்டும். விபத்துக்குப் பிறகு எடுத்த படத்தை ஒப்பிட, விபத்துக்கு முந்தைய அதே நீரின் அளவு வேண்டும். அதுவும் கருவி மாறிய மாற்றத்தையும் கடல் மாறிய மாற்றத்தையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். ஹவாயில் அளந்து திருத்திய எண் இந்த லகூனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இந்த லகூனில் அளந்துதான் சொல்ல முடியும். அளக்காமல் வண்ணப் படத்தைக் கொண்டுவந்து மீனவர்களிடம் காட்டுவது நியாயமில்லை.

ஞாயிறு, பிரிசானுக்கு வெளியே

வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இம்முறை செயற்கைக்கோள் மேற்கிலிருந்து பார்க்கும், பளபளப்பு கொஞ்சம் வரும். பரவாயில்லை, வெயில் இருக்கிறதே.

காலை ஏழரைக்கே கிளம்பி, அலை உடைகிற வரிசையில் இருக்கும் வாசல் வழியாக வெளியே போனோம். நுரையின் வெளிச்சம் எங்கள் புள்ளியை எட்டக் கூடாது என்பதால் வழக்கத்தைவிடத் தூரம் போகச் சொன்னேன். கீழே தரை தெரியவில்லை. நீரின் தெளிவைப் பார்க்க வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினோம். 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்து பார்த்த அதே முறை. தட்டு வெளிர்நீலமாகி, பிறகு ஒரு புள்ளியாகி, கயிறு முடியப் போகிற நேரத்தில்தான் மறைந்தது. திருத்த எண்ணுக்குத் தகுந்த நீர் இதுதான்.

பதினொன்றுக்கு மாணவி கைக்குள் அடங்கும் சூரிய ஒளிமானியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். காற்றில் எவ்வளவு தூசும் உப்பும் மிதக்கிறது என்று அது சொல்லும். அந்த எண் இல்லாவிட்டால் நீரின் எண்ணுக்கு மதிப்பில்லை. நான் ஒளிமானிகளின் கண்ணாடியைப் பார்த்தேன். வானத்தைப் பார்க்கும் குழாயில் உப்பு ஒரு மெல்லிய புள்ளியாக உலர்ந்திருந்தது. காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் கீறல் விழும், ஒற்றத்தான் வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு முன்னும் பின்னும் விடாமல் அளந்தோம். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, கண் முழுக்கத் திசைகாட்டியில். முடிந்ததும் அவரே கேட்டார், "எடுத்துட்டானா?" எடுத்திருப்பான் என்றேன்.

அப்புறம் வேகமாக லகூனுக்குள் வந்து, மணல் அடியில் ஒரு இடம், கடற்புல்லில் ஒரு இடம், ஆற்று முகத்துவாரத்தில் ஒரு இடம் என்று அளந்தோம். முகத்துவாரத்தை எட்டுவதற்குள் மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஒரு மணிநேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கடல் ஏற்றவற்றத்தில் நீர் மாறிவிடும், அதனால் அந்த ஓர் இடத்துக்குக் குறிப்பில் சந்தேகம் என்று எழுதி வைத்தோம். ஒரு மணியை ஒட்டி பேஸ் செயற்கைக்கோளும் இந்தப் பக்கம் வரும். அதன் ஒரு புள்ளி 1 கிலோமீட்டர், லகூனுக்கு உதவாது. வெளிக்கடல் அளவோடு மட்டும் ஒப்பிடுவோம்.

புதன், மாயேபூர்

படம் வந்துவிட்டது. இரவு டீச்சரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தோம், அண்ணனும் வந்திருந்தார்.

செயற்கைக்கோளின் அளவையும் எங்கள் அளவையும் நிறவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தால், வெளிக்கடல் புள்ளியில் பச்சைப் பகுதியில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போகின்றன. நீலத்துக்குப் போகப் போக, செயற்கைக்கோளின் கோடு எங்கள் கோட்டுக்கு மேலே நிற்கிறது. இது கருவியா, காற்றைக் கழித்த கணக்கா, மிச்சமிருந்த பளபளப்பா என்று ஒரே நாளை வைத்துச் சொல்லக் கூடாது. சூரிய ஒளிமானியின் எண்ணைக் கணக்கில் வைத்துத் திரும்ப ஓட்டியபோது இடைவெளி கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. லகூன் மணலில் வடிவம் சரியாக இருக்கிறது, உயரம்தான் பொருந்தவில்லை. கடற்புல் புள்ளியில் 675 பக்கத்துப் பள்ளம் எங்கள் கருவியில் விழும் அதே இடத்தில் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மாணவி கைதட்டினாள்.

அண்ணன் படத்தில் தன் மீன்பிடி இடங்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்கே புல்லு இல்லை, பாசி. போன வருஷத்திலிருந்து பாசி," என்றார். நாங்கள் கடற்புல் என்று குறித்திருந்த திட்டின் வடக்கு ஓரம் அது. நாளைக் காலை அங்கே போய் முழுகிப் பார்க்கப்போகிறாள் மாணவி.

வெளிக்கடல் அளவுகளைத் திருத்த எண் குழுவுக்கு அனுப்புகிறேன். லகூன் அளவுகளை அதில் சேர்க்கவில்லை, அவை சரிபார்ப்புக்கு மட்டும். அடுத்த நல்ல பாதைகள் செப்டம்பரில் வருகின்றன. அந்தத் தேதிகளை மாணவி அட்டவணையாக எழுதி அண்ணனிடம் கொடுத்திருக்கிறாள், ஒளிமானிகளும் அவளிடமே இருக்கும். செப்டம்பரில் சூரியன் இன்னும் உச்சிக்கு வரும், பளபளப்பு கூடும், அதனால் கிழக்கிலிருந்து பார்க்கிற நாட்களை மட்டும் கேட்டிருக்கிறோம்.